பத்தொன்பது நாள் தண்ணீர்

லீட்டனுக்குத் தெற்கே, கிளைக்கால்வாய் மதகுகளில்
எனக்குச் சம்பளம் தண்ணீரை மிச்சம்பிடிக்க.
மெகாலிட்டர் ஒன்றுக்கு
காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.
நான் உறங்கும்போதும் ஏறும்.

கிளென் பாட்டர்ஸ்பியின் வயலுக்கு
நான்தான் எழுதிக் கொடுத்தேன்:
குறுகிய ரகம் போடு,
முளைத்தபின் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சு,
தேக்குவதைப் பொங்கல் வரை தள்ளு
(அங்கே ஜனவரி பாதி என்றுதான் எழுதினேன்).
எக்டேருக்கு இரண்டு மெகாலிட்டர் மிச்சம்.
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
குருகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானும்.

பிறகு ஓர் இரவு சயோரி அழைத்தாள்.
கிளெனின் மனைவி, நீகாத்தாக்காரி.
ஒன்றும் பேசாமல்
போனை வயல் பக்கம் நீட்டினாள்.

ஊம்.
காலிப் புட்டியின் வாயில்
யாரோ பொறுமையாக ஊதுவதுபோல்
ஊம்.

நாணலுக்குள் இல்லை, நெல்லுக்குள்.
"சதுப்பையெல்லாம் வடித்துவிட்டோம்.
நம் நெல்லைச் சதுப்பென்று நம்பி வந்திருக்கிறது."
'நம்பி' என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை.
எனக்குத்தான் குத்தியது.

மறுநாள் ட்ரோன் விட்டுப் பார்த்தோம்.
தாள்களை மடக்கிக் கட்டிய மேடை,
ஆலிவ் நிறத்தில் நான்கு முட்டை.
அதிகாரிபோல் நான் விரல்விட்டு எண்ணினேன்:
என் அட்டவணைப்படி நீர் வடிவது மார்ச் ஆறு.
குஞ்சுக்குச் சிறகு கூடுவது மார்ச் இருபத்தைந்து.
நடுவே பத்தொன்பது நாள்
வெறும் சேறு, நரி.

மதகடியில் உட்கார்ந்து பழைய ரொட்டி தின்றோம்.
சாத்தோயாமா என்றாள்:
காடு முடிந்து வயல் தொடங்குமுன்
இரண்டுக்கும் சொந்தமாய்க் கிடக்கும் இடம்.
விறகுக்கு வெட்டுவார்கள், சருகுக்குக் கூட்டுவார்கள்,
அப்படி வெட்டியதாலேயே
அங்கே பூவும் பூச்சியும் தங்கும்.
எங்களிடம் திணைமயக்கம் என்று ஒரு சொல் உண்டு,
ஆனால் அது பாட்டிலக்கணம் என்றேன்.
சிரித்தாள். "எங்கள் ஊரில் அது இப்போது சுவரொட்டி.
ஆள் போன குன்றில் மூங்கில் புகுந்துவிட்டது.
பன்றி இறங்கி வருகிறது.
அழகாய் இருக்கிறதென்று
ரயிலில் வந்து படம் எடுக்கிறார்கள்."

நெல் கப்பலில் வந்தது.
அவள் விமானத்தில் வந்தாள், நானும்.
விராஜூரி மண்ணில் குருகு மட்டும்
எங்கிருந்தும் வரவில்லை.
அதற்கு இங்கே ஊர் உண்டு, வீடுதான் இல்லை.

மூலைக் கட்டம், சிவப்பு யூகலிப்டஸ் ஓரம், இரண்டு எக்டேர்.
அதை மட்டும் வடிக்காமல் வை என்றேன்.
கிளென் தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தான்.
ஈரத்தில் அறுவடை இயந்திரம் புதையும், தெரியுமா?
தெரியும்.
அந்த நீருக்கு யார் காசு?
அதற்கு என் படிவத்தில் பத்தி இல்லை.
'கசிவு' என்று எழுதினேன்.
பதினோரு வருஷத்தில் முதல் பொய்.

மார்ச் முழுக்க அந்தச் சதுரம் மட்டும் மின்னியது,
வெளுத்த வயலில்
யாரோ மறந்து வைத்த கண்ணாடி.
தவளை எல்லாம் அங்கே குடியேறியது.
வரப்பை அறுக்காமல் விட்டாள் சயோரி.
பக்கத்து வயல்காரர் காரை நிறுத்திக் கேட்டார்,
உங்கள் மதகு ரிப்பேரா?

ஏப்ரலில் பூட்ஸ் புதையப் புதைய நடந்து போனேன்.
மேடை சரிந்து கிடந்தது.
ஓர் ஓடு, ஒரு தவளைக் கால்,
நீண்ட விரல் தடம், நெருக்கமாய்.
அதன்மேல் இன்னொரு தடம்,
உருண்டையாய், நான்கு நகம்.
எது முதலில் போனது?
சேறு இரண்டையும்
ஒரே ஆழத்தில் வைத்திருந்தது.

நின்றுகொண்டே இருந்தேன்.
தூரத்தில் கிளென் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கத்தினான்:
அடுத்த வருஷமும் கசியுமா?

சயோரி ஏற்கெனவே
மூலையில் முளை அடித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு எக்டேருக்கு அல்ல.
கொஞ்சம் தள்ளி.